ஓடைக்குள் நின்ற வண்டி

வினோலியாவின் மினி பொக்லைன் முதன்முதலில் மக்கர் செய்தது ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு முருங்கைத் தோட்டத்தில். சொட்டுநீர்க் குழாய் பதிக்க வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கைப்பிடியை எந்தப் பக்கம் இழுத்தாலும் பக்கெட் மடங்கவில்லை, தூக்கிய கை இறங்கவில்லை, கீழே சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் செயின் உருளவில்லை. உயிர் இருந்தும் கைகால் விளங்காமல் போன ஆளைப் போல வண்டி வரப்போரத்தில் உறுமிக்கொண்டு நின்றது.

சேவியருக்குப் போன் போட்டாள்.

"லாக் லீவரை ரெண்டு தடவ தூக்கி எறக்கிப் பாரு," என்றான் அவள் புருஷன். "டக்குனு சத்தம் வருதா?"

"வரலைங்க."

"எதையும் தொடாத. நான் வாரேன்."

இருக்கைக்கு இடப்பக்கம் இருக்கும் அந்த லீவரைத் தூக்கினால் வண்டியின் எல்லா அசைவும் பூட்டிக்கொள்ளும். இறக்கினால் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன சோலினாய்டு வால்வுக்குக் கரண்டு போகும். வால்வு டக்கென்று திறந்து கைப்பிடிகளுக்கு ஆயிலை விடும். அந்தச் சத்தம் வராவிட்டால் எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை.

சேவியர் மொபெட்டில் வந்து இறங்கினான். இடது கையால் தகட்டைத் தூக்கினான், உள்ளே விரலை விட்டுத் துழாவினான், வால்வுக்குப் போகும் பிளக்கில் எதையோ கட்டைவிரலால் அழுத்தினான்.

"இப்பப் போடு."

டக். வண்டி கையைத் தூக்கியது.

தோட்டக்காரர் கண்களை அகல விரித்தார். "அடேங்கப்பா! தொட்டதும் சரியாயிருச்சே. என்ன இருந்தாலும் சேவியர் வண்டி சேவியர் வண்டிதான்யா."

அந்தப் பேச்சைச் சேவியர் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வரைக்கும் அவனைத் தெரியாத தோட்டம் கிடையாது. தென்னை வேரில் கீறல் விழாமல் மண் எடுக்கத் தெரிந்தவன். சொந்த வண்டி வாங்கின மறு வருஷம் வத்தலக்குண்டு ரோட்டில் லாரி இடித்து வலது தோள் நொறுங்கியது. ஆபரேஷன் நடந்தது. கை ஒட்டிக்கொண்டது, ஆனால் விரல்களில் பிடி வரவில்லை. கூலிக்கு ஆள் போட்டுப் பார்த்தார்கள். ஒருவன் டீசலைத் திருடினான். இன்னொருவன் பக்கெட் பல்லையெல்லாம் பாறையில் உடைத்துவிட்டுச் சொல்லாமல் ஓடிப்போனான். ஒருநாள் வினோலியா சேலைக்கு மேல் சேவியரின் சட்டையை மாட்டிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மூன்றாவது மாசத்திலேயே அவளைக் கேட்டுப் போன் வர ஆரம்பித்தது. பிறகு 'வினோலியாக்கா வண்டி' என்றே ஆகிவிட்டது. சேவியரின் போன் வீட்டு ஜன்னல் விளிம்பில் சத்தமில்லாமல் கிடந்தது.

முருங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கருவாட்டுக் குழம்பு நன்றாயிருப்பதாகச் சொன்னான். நர்சிங் படிக்கும் மகள் தமிழ்நிலாவுக்கு அவனே போன் போட்டு, வண்டி நின்றதையும் தான் போய் எடுத்துவிட்டதையும் ஒன்று விடாமல் சொன்னான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வினோலியா அடுப்பைத் தணித்து வைத்தாள். வண்டி இப்படி எப்போதாவது நின்றால்கூட நல்லதுதான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டி நின்றது. அடுத்த வாரமே ஒரு செங்கல் சூளையில் நின்றது. பிறகு ஒரு கத்தரித் தோட்டத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் கழிவுநீர்க் குழிக்குள். காலையில் ஒழுங்காக வேலை செய்யும். வெயில் ஏறி, வேலை சூடுபிடிக்கும் நேரம் பார்த்துக் கை விரித்துவிடும். ஒவ்வொரு தடவையும் சேவியர் வந்தான், தொட்டான், வண்டி எழுந்தது. ஒவ்வொரு தடவையும் சுற்றி நின்றவர்கள் ஏதாவது சொன்னார்கள். ஒரு மேஸ்திரி வினோலியாவின் காது படவே சொன்னார்: "ஓட்டுறது யாரு வேணா ஓட்டலாம்ப்பா. நோயக் கண்டுபுடிக்க ஆம்பள வேணும்."

சேவியர் அதற்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஊமையாய்க் கிடந்த மனுஷன் சிரிக்கிறானே என்று விட்டுவிட்டாள்.

வேலை கொடுப்பவர்கள் அப்படி விடவில்லை. 'நின்னு நின்னு போற வண்டி' என்ற பேர் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வினோலியா சேவியரிடம் சொல்லாமல் வண்டியை லாரியில் ஏற்றிப் பேகம்பூருக்குக் கொண்டுபோனாள். அங்கே பள்ளிவாசலுக்குப் பின்னால் இஷாக்கின் பட்டறை. மண் வண்டிகளுக்குக் கரண்டு வேலை பார்ப்பதில் அவருக்குப் பேர் உண்டு.

இஷாக் ஃபியூஸைப் பார்த்தார், ரிலேயைப் பார்த்தார். வால்வைக் கழற்றி உள்ளே மண்துகள் சிக்கியிருக்கிறதா என்று டீசலில் அலசிப் பார்த்தார். வால்வைத் திறக்கும் காந்தக் காயிலில் மீட்டர் வைத்தார். எஞ்சினை நன்றாகச் சூடாக விட்டு மறுபடி வைத்தார். முள் சரியாகவே காட்டியது.

"காயில் செத்துட்டாலும் வண்டி நிக்கும், வயர் விட்டாலும் நிக்கும் தங்கச்சி. ரெண்டும் நம்ம கண்ணுக்கு ஒன்னாத்தான் தெரியும்," என்றார். "சாவியப் போட்டு லீவரை எறக்கிட்டு, காயில் தலையில திருப்புளி முனைய வச்சுப் பாரு. காந்தம் மாதிரி இழுத்தா கரண்டு வருதுன்னு அர்த்தம். இழுக்கலேன்னா பிளக்கக் கழட்டி டெஸ்ட் லாம்ப் வையி. லாம்ப் எரிஞ்சா கோளாறு காயிலுல. எரியலேன்னா வயர்ல."

"பக்கத்துல இன்னொன்னு அதே மாதிரி இருக்கே பாய்?"

"அது செயின் வேகத்தக் கூட்டுற வால்வு. ரெண்டுக்கும் ஒரே காயில், ஒரே பிளக்கு. அவசரத்துக்கு மாத்திச் சொருகிக்கலாம். ஸ்பீடு பட்டன அமுக்குனா அந்த வயர்ல கரண்டு வந்துரும். வண்டி மெதுவாப் போகும், ஆனா போகும்."

இஷாக் பழைய பிளக்கைத் துடைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார்.

"என்ன பாய், அதுலதான் கோளாறா?"

"பூட்டு தளந்திருக்கு. புதுசு போட்டாச்சு. இனிமே தொந்தரவு இருக்காது," என்றவர், இன்னும் என்னமோ சொல்ல வாயெடுத்து, "இன்ஷா அல்லாஹ்," என்று முடித்துக்கொண்டார்.

வண்டி பட்டறைக்குப் போய் வந்தது தெரிந்ததும் சேவியர் குதித்தான். "பேகம்பூர் வரைக்கும் போகணுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"எதுக்கு இப்பச் சாவுப் பேச்சு? புது பிளக்கு போட்டிருக்கு. இனிமே உங்களுக்கும் அலைச்சல் இல்ல."

அவன் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

கொஞ்ச நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. ஐப்பசி பிறந்தபோது கன்னிவாடியில் பெரியகருப்பன் கூப்பிட்டார். மலையடிவாரத்தில் ஓடைக்கு இரு கரையிலும் அவருக்குத் தென்னந்தோப்பு. டிராக்டர் அக்கரைக்குப் போக ஓடைப் படுகையில் சிமெண்டுக் குழாய் பதித்துப் பாதை போட வேண்டும். பெரிய வேலை, கெட்டியான பார்ட்டி. அங்கே பேர் எடுத்தால் அடிவாரம் பூராவும் கூப்பிடுவார்கள்.

வினோலியா கரையைச் சரித்து ஒரு சரிவுப் பாதை வெட்டி, அது வழியாக வண்டியைப் படுகைக்குள் இறக்கினாள். ஓடையில் அன்று கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. மதியத்துக்குள் பாதி மணலை அள்ளிவிட்டாள். மலை உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது. தோப்பில் வெயில் அடித்தது.

பெரியகருப்பன் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தார். "தாயி, மேல பெய்யுது போல. இன்னைக்குப் போதும். ஏறி வந்துரு."

"இந்தா வாரேண்ணே."

வண்டியைத் திருப்பிச் சரிவைப் பார்த்து நகர்த்தினாள். நாலு அடி போயிருக்கும். கைப்பிடி செத்தது.

லீவரைத் தூக்கி இறக்கினாள். சத்தம் இல்லை. மறுபடியும் தூக்கி இறக்கினாள். மேலே கறுத்து நின்ற மலையைப் பார்த்தபடியே சேவியருக்குப் போன் போட்டாள். "வீட்லதான் இருக்கேன். தொடாத, இந்தா வந்துட்டேன்," என்றான்.

அவள் காத்திருக்கவில்லை. தகட்டைத் தூக்கிவிட்டுத் திருப்புளியைக் காயில் தலையில் வைத்தாள். இழுக்கவில்லை. பிளக்கைக் கழற்றி டெஸ்ட் லாம்பை வைத்தாள், எரியவில்லை. சரி, வயர்தான். பக்கத்து வால்வின் பிளக்கைக் கழற்றக் கை வைத்த நேரம், கரையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏ புள்ள! கைய எடு! தொடாதேன்னு சொன்னேன்ல!"

சேவியர் சரிவில் சறுக்கியபடி ஓடி வந்தான். அதற்குள் எப்படி வந்தான் என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. ஆள் வந்ததே போதும் என்றிருந்தது.

"அந்தப் பக்கத்து பிளக்க மாத்திச் சொருகுனா வண்டி நகருங்க. இஷாக் பாய் சொன்னாரு."

"இஷாக்கு! இஷாக்கு வண்டியா இது? தள்ளு."

அவளை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டான். பிளக்கின் பின்பக்கம் கட்டைவிரலை வைத்து வழக்கம் போல அழுத்தினான். அது வழக்கம் போல உட்காரவில்லை. வெளியே இழுத்து மறுபடி அழுத்தினான். வியர்வையில் விரல் வழுக்கியது. பிடியில்லாத வலது கையை உதவிக்குக் கொண்டுபோனான், அதால் வயரைப் பிடிக்க முடியவில்லை. வினோலியா பொறுக்க முடியாமல் மறுபடி குனிந்தாள். அவன் தோளால் அவளைத் தள்ளினான். தோப்பில் மட்டை வெட்டிக்கொண்டிருந்தவர்களும் பெரியகருப்பனும் கரையில் வந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பது சேவியரின் கழுத்து நரம்பில் தெரிந்தது.

மேலே திருப்பத்தில் சருகு உரசுவது போல ஒரு சத்தம். பிறகு செம்மண் தண்ணீர் குப்பையும் இலையும் தள்ளிக்கொண்டு வந்து செயினைத் தொட்டது.

"தண்ணி வருதுய்யா! விட்டுட்டு ஏறுங்க!" என்று பெரியகருப்பன் கத்தினார்.

சேவியர் ஒரு வெறி பிடித்தவனைப் போல வயரை இழுத்தான். அது பிளக்குக்குள் இருந்த உலோகப் பின்னின் கழுத்தோடு அறுந்து அவன் கையில் வந்தது. அறுந்த வயரைப் பார்த்தபடி அப்படியே இருந்தான்.

"தள்ளுங்க!" வினோலியா அவனைப் பிடித்து வெளியே இழுத்தாள். "கரைக்குப் போங்க, போங்க!"

அவள் பக்கத்துப் பிளக்கைக் கழற்றிக் கரண்டு வராத வால்வில் சொருகினாள், சீட்டில் விழுந்தாள், ஸ்பீடு பட்டனை அமுக்கினாள். டக். செயின் உருண்டது. அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. முன்பே அவளை விட்டிருந்தால் செயின் நனையாமல் ஏறியிருப்பாள். இப்போது சரிவின் அடிமண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஒரு செயின் கெட்டி மண்ணைக் கவ்வி ஏறியது. இன்னொன்று கரைந்து கொடுத்தது. பக்கெட்டைக் கரையில் ஊன்றி வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். கரை பெயர்ந்து பக்கெட்டோடு வந்தது. வண்டி சாய்வது தெரிந்ததும் மேல்பக்கமாக எட்டிக் குதித்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வரை கிழிந்தது. கரையில் நின்றவர்கள் அவள் கையைப் பிடித்துத் தூக்கிய நேரம், வண்டி பக்கவாட்டில் படுத்து, எஞ்சின் தண்ணீரைக் குடித்து, ஒரே முக்கலில் அடங்கியது.

சேவியர் அவள் காலைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பிறகு உரக்கச் சொன்னான்: "வளைச்சிட்டியேடி. நேரா ஏத்தியிருக்கணும். ஐயோ, வளைச்சிட்டியே."

அந்த வார்த்தைதான் ஊர் பூராவும் போனது. தண்ணீர் வடிந்தபின் பெரிய பொக்லைன் ஒன்றைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். வண்டி இஷாக் பட்டறைக்குப் போனது. அங்கே எஞ்சின்காரரும் வந்து பிரித்துப் போட்டார். வினோலியா காலில் தையலோடு வீட்டில் கிடந்தாள். விசாரிக்க வந்தவர்களிடம் சேவியர் வாசலில் உட்கார்ந்து விளக்கினான். இடது கையைச் சரிவாகவும் வலது கையை வண்டியாகவும் வைத்துக் காட்டினான். "இப்பிடி ஏத்துனா ஒன்னும் ஆகியிருக்காது. இப்பிடி வளைச்சா? என் கை மட்டும் நல்லாயிருந்தா நான் ஏறியிருப்பேன். என்ன பண்ண?" வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். உள்ளே படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த வினோலியா, ஒருவேளை உண்மையிலேயே வளைத்துவிட்டோமோ என்று அந்த நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மகள் போனில் அழுதாள். "ஏம்மா, அப்பா சொல்லச் சொல்லக் கேக்காம ஏறுனியாமே?" என்றாள். 

தையல் பிரித்ததும் நொண்டிக்கொண்டே பஸ் ஏறிப் பேகம்பூருக்குப் போனாள். எஞ்சினைப் பற்றிக் கேட்கத்தான் போனாள். இஷாக் அவளை உட்கார வைத்து, டீ வாங்கி வரச் சொல்லி, ஒரு துணியைப் பிரித்து அந்தப் பிளக்கை எடுத்து வைத்தார். அவர் போட்டுக் கொடுத்த புது பிளக்.

"காட்டலாமா வேணாமான்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு தங்கச்சி," என்றார். "இந்த மஞ்சப் பூட்ட பாரு. பின்னு பின்னால போகாமப் புடிக்கிறது இதுதான். இதத் தூக்கிவிட்டிருக்கு. ஊசி மாதிரி எதையோ விட்டு நெம்புன கீறல் இந்தா. வயர்மேல குறடு கடிச்ச தழும்பு. பூட்டு தூக்கியிருந்தா காலையில பின்னு தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும். வண்டி அதிர அதிர மெல்லப் பின்வாங்கிரும்."

"தானாத் தூக்கிக்காதா பாய்?"

"தூக்காதும்மா."

அவள் பிளக்கையே பார்த்தாள். டீ வந்தது. ஆறியது.

"பழைய பிளக்குலயும் இதே கீறல் இருந்துச்சு," என்றார் இஷாக், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்பவே ஏன் சொல்லல?"

"புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் எப்பிடிம்மா... புதுசு போட்டுட்டா, தெரிஞ்சுபோச்சுன்னு கூச்சப்பட்டு விட்டுருவாருன்னு நெனச்சேன்."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. "அவரா கூச்சப்பட்டு விட்டுருவாருன்னு நீங்க பாத்தீங்க. அவரு சிரிக்கட்டும்னு நானும் பாத்தேன்."

பட்டறையில் இருந்தபடியே பெரியகருப்பனுக்குப் போன் போட்டாள். வண்டியை இழுத்துக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, சாதாரணமாகக் கேட்பது போல, அன்றைக்கு வண்டி நிற்பதற்கு முன்னாடி தன் வீட்டுக்காரரை எங்கேயாவது பார்த்தாரா என்று கேட்டாள்.

"பாக்காம என்ன தாயி? காலையிலேருந்து கன்னிவாடி டீக்கடைலதான இருந்தாரு. தோப்புக்கு வாங்கன்னேன். இல்லைண்ணே, கூப்புட்டா வாரேன்னாரு."

வினோலியா வீட்டுக்கு வந்தபோது சேவியர் கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். அவள் பிளக்கைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். கோழிகளைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான்.

"மொத தடவ நெசமாவே தளந்துதான் இருந்துச்சு," என்றான் கடைசியில்.

"அப்புறம்?"

அவன் கோழித் தண்ணிச் சட்டியை நகர்த்தி வைத்தான்.

"அப்புறம் யாரு தளத்துனா? சொல்லுங்க."

"நீ கூப்புடுவேன்னுதான்." அவன் பிளக்கைப் பார்த்தே சொன்னான். "ஒரு நாளு பூரா ஒருத்தனும் என்னக் கூப்புடுறதில்ல, வினோ. நீயும் கூப்புடுறதில்ல. வண்டி நின்னாக் கூப்புடுவ. செத்த நேரந்தான. வந்து தொட்டுட்டுப் போயிருவேன். யாருக்கு என்ன நட்டம்?"

"ஓடைக்குள்ள எறங்குற அன்னைக்குமா?"

"மழ பெய்யும்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"சரி, பெஞ்சிருச்சு. தண்ணி வந்துருச்சு. அப்பவாச்சும் வெலகியிருக்கலாம்ல? நான்தான் வழி இருக்குன்னு சொன்னேன்ல? தள்ளிவிட்டீங்களே." அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் அவள் நிறுத்தவில்லை. "நான் குதிக்கலேன்னா அதுக்குள்ளயே போயிருப்பேன். கரையில நின்னுக்கிட்டு, வளைச்சிட்டா வளைச்சிட்டான்னு ஊருக்கே சொன்னீங்க. பெத்த பிள்ளகிட்டச் சொன்னீங்க."

சேவியர் முகத்தை இடது கையால் மூடிக்கொண்டு அழுதான். தோள் நொறுங்கியபோதுகூட அவன் அப்படி அழுததில்லை. முன்பென்றால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். அன்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பெரியகருப்பண்ணங்கிட்ட வந்து உண்மையச் சொல்லுங்க. அவரு ஒருத்தர்கிட்ட போதும். எனக்கு அந்தப் பக்கம் வேலை வேணும்."

"சொல்றேன்," என்றான். "சத்தியமாச் சொல்றேன்."

மறுநாள் இருவரும் கன்னிவாடிக்குப் போனார்கள். மொபெட்டை அவள் ஓட்டினாள், அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஓடையில் வேறொருத்தருடைய வண்டி அதே படுகையில் மண் அள்ளிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவன் வேலைக்குப் புதுசு என்பது பார்த்ததுமே தெரிந்தது. பக்கெட்டை ஆழமாகக் குத்திக் குத்தி வண்டியைத் திணற அடித்தான். சேவியரின் கண் அதை விட்டு நகரவில்லை. "ஏப்பா, பல்ல இப்பிடிக் குத்தாத! சாய்ச்சு வாரு!" என்று தன்னையறியாமல் கத்தினான். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து அப்படியே செய்தான். பக்கெட் நிறைய மணல் வந்தது.

பெரியகருப்பன் சேவியரின் முதுகில் தட்டினார். "இதத்தான் நானும் நெனச்சேன். இந்தப் பயலுகளுக்குச் சொல்லிக் குடுக்க ஆளு வேணும். மேல நாலு வேலை பேசி வச்சிருக்கேன். நீங்க வந்து நின்னு பாத்துக்கங்களேன். கையா முக்கியம்? கண்ணுதான முக்கியம்."

சேவியரின் முகம் மலர்ந்தது. பிறகு வினோலியாவைப் பார்த்தான். பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான். "வண்டியில பிளக்கு ஒன்னு சரியில்லாம இருந்துச்சுண்ணே. அதான் அன்னைக்கு..." என்றான். அதோடு நின்றுவிட்டான்.

"பிளக்கு சரியாத்தான் இருந்துச்சுண்ணே," என்றாள் வினோலியா. "இவருதான் அதத் தளத்திவிட்டாரு. வண்டி நிக்கணும்னு. ஒவ்வொரு தடவையும் இவருதான்."

பெரியகருப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சேவியர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெரியவர் பெருமூச்சு விட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

"விடு தாயி. வண்டி போன வேதனை, என்னென்னவோ தோணும். அதுக்காகக் கைய எழந்துட்டு நிக்கிற மனுசன் மேல பழியப் போடாத. சொந்த வண்டிய எவனாச்சும் கெடுப்பானா? நல்லாருக்காது."

வினோலியா சேவியரைப் பார்த்தாள். அவன் ஓடைக்குள் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மொபெட் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். காலை ஊன்றும்போதெல்லாம் தழும்பு சுண்டி இழுத்தது.

மகளுக்கு மட்டும் அவள் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னாள்.  "ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொன்னா நான் யாரத்தாம்மா நம்புறது?" என்றாள் தமிழ்நிலா. வினோலியா அதற்கப்புறம் யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எஞ்சின் தேறி வர மாசிக் கடைசி ஆயிற்று. இஷாக் கூப்பிட்டார். அவள் வண்டியை லாரியில் ஏற்றியபோது வீட்டுப் பக்கம் கொண்டுபோகச் சொல்லவில்லை. ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே, அவள் அக்கா இன்னாசியம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் போகச் சொன்னாள். அங்கே சேவியரை யாருக்கும் தெரியாது. வாரம் பூராவும் அங்கே வேலை, சனிக்கிழமை சாயங்காலம் வீடு. சேவியர் இப்போது காலையில் குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கன்னிவாடிக்குப் போகிறான். அவன் போன் ஓயாமல் அடிக்கிறது. சனிக்கிழமைகளில் சோறும் வெஞ்சனமும் அவனே ஆக்கி வைத்திருக்கிறான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உப்பு போதுமா என்று அவன் கேட்கிறான். போதும் என்கிறாள். வண்டி எப்படி ஓடுகிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

பங்குனியில் ஒரு தக்காளித் தோட்டத்துக்கு முதல்முறை போயிருந்தாள். லாரியிலிருந்து வண்டியை அவளே இறக்குவதைத் தோட்டக்காரர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, கூட ஆளு யாரும் வரலீங்களா? வண்டி நின்னு போச்சுன்னா யாரக் கூப்புடுவீங்க?"

"யாரையும் கூப்புட வேண்டியதில்லைங்க," என்றாள் வினோலியா. "எங்க தோண்டணும்னு சொல்லுங்க."